சுவருக்குள் கொசுத்தேனீக் கூடு: வீட்டை இடிக்கும் முன் காப்பாற்ற வழி உண்டா?

தாமிரபரணிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அப்பாவின் பழைய வீடு இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது, சுவரே ஒன்றரை அடி கனம். மாசி மாதம் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். மேஸ்திரிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

வாசல் நிலைக்கு வலப்பக்கம், என் தோள் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. பென்சில் கனம் இருக்கும், நீளம் ஒன்றரை அங்குலம். அதன் வாயில் எந்நேரமும் ஏழெட்டு கொசுத்தேனீ வட்டமாகத் தலையை நீட்டி உட்கார்ந்திருக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால், அந்த இடத்தை மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு விட்டுவிடச் சொல்லுவார் அப்பா. அதனால் சுவர் முழுக்க வெள்ளையாக இருக்க, குழாயைச் சுற்றி மட்டும் பழைய காவி நிறம் தெரியும். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு அம்மாவும் அதே போல விடச் சொன்னாள்.

இடிக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. மேஸ்திரி, "இது என்னம்மா, ரெண்டு கடப்பாரை போட்டா பறந்து போயிரும்" என்கிறார். உண்மையிலேயே போய்விடுமா? இல்லை, ஒரு பெட்டிக்கு மாற்ற முடியுமா? எங்கள் ஊரில் தேனீ வளர்ப்பவர் யாரையும் எனக்குத் தெரியாது. நானே செய்யலாம் என்றால் என்னென்ன வேண்டும் என்று சொல்லுங்கள். கொட்டாது என்பது மட்டும் தெரியும்.

இன்னொன்று. ஆச்சி இந்தத் தேனைக் கண்ணில் விடுவாள். அது சரிதானா?

பூவரசு எழுதியது:

வாசலில் நன்றாகப் புகை போடுங்கள். ராணியோடு எல்லாம் வெளியே வந்து பக்கத்து மரத்தில் கொத்தாக உட்காரும். சாக்கில் பிடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். எங்கள் தோட்டத்தில் பொந்துத் தேனீயை அப்படித்தான் பிடித்தோம்.

சிரட்டை_குமரி எழுதியது:

பூவரசு தம்பி, பொந்துத் தேனீக்கு நீங்கள் சொல்வது ஓரளவு நடக்கும். கொசுத்தேனீக்கு நடக்காது. புகை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

காரணம் ராணிதான். முட்டை வைக்கத் தொடங்கிய கொசுத்தேனீ ராணியால் பறக்க முடியாது. வயிறு பருத்து, உடம்புக்குச் சிறகு பற்றாமல் போய்விடும். பெரிய தேனீ கூட்டம் பிரியும்போது பழைய ராணி கிளம்பிப் போகும், புதியவள் வீட்டில் இருப்பாள். இங்கே அது தலைகீழ். வேலைக்காரிகள் முதலில் புது இடம் பார்த்து, தாய்வீட்டிலிருந்து மெழுகும் பிசினும் தேனும் பல நாள் சுமந்து போய் அங்கே குடித்தனத்துக்கு ஏற்பாடு செய்யும். அதன் பிறகுதான் கன்னி ராணி பறந்து போய்ச் சேரும். கிழவி தான் முட்டை வைக்கும் வீட்டை விட்டு அசையவே மாட்டாள். அதனால் மேஸ்திரி கடப்பாரை போட்டால் ராணி செங்கல்லோடு நசுங்குவாள். வெளியே போயிருந்த தேனீக்கள் இடிந்த சுவருக்கு முன்னால் நாலைந்து நாள் சுற்றிச் சுற்றிப் பறந்து செத்துப்போகும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தங்கச்சி, இனி உங்களுக்கு. என் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். எங்கள் அப்பா அடுக்குத்தேனீ, அதாவது பொந்துத் தேனீ, வளர்த்தவர். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற புழுநோய் கேரளத்திலும் எங்கள் மாவட்டத்திலும் பரவியபோது அவர் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்போது வீட்டில் மிஞ்சியது இறவாணத்தில் கட்டித் தொங்கவிட்ட மூன்று மூங்கில் மட்டும்தான். மூன்றிலும் கொசுத்தேனீ, எங்கள் பேச்சில் சிறுதேனீ. அந்த மூன்றிலிருந்து வந்ததுதான் இன்று என்னிடம் இருக்கும் முப்பத்து நான்கு கூடும்.

அவசரம் இல்லாத வீடாக இருந்தால், சுவரில் உள்ள குழாயோடு ஒரு காலிப் பெட்டியை ரப்பர் குழாய் வைத்து இணைத்துவிட்டு, தேனீ பெட்டி வழியாகவே போய்வரும்படி செய்யச் சொல்லியிருப்பேன். மாதக்கணக்கில் அது பெட்டிக்குள்ளும் கட்ட ஆரம்பிக்கும். ஐந்து வாரத்துக்கு அது சரிப்படாது. நீங்கள் சுவரைத் திறந்தே ஆக வேண்டும்.

முதலில் பெட்டி. நான் அயனிப் பலகையில் செய்கிறேன். உள்ளளவு நீளம் 30 செ.மீ., அகலம் 10, உயரம் 7. இரண்டு லிட்டர் கொள்ளளவு, அவ்வளவு போதும். பெரிய பெட்டி கொடுத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், காலி இடத்தைக் காவல் காக்கவும் அடைக்கவுமே அவற்றின் காலம் போய்விடும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. ஒரு முனையில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை. மூடிக்குக் கீழே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள் வையுங்கள், பிறகு மூடியைத் திறந்து பார்க்கும்போது கூடு பிய்ந்து வராது.

வேலையைக் காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள், மழை மேகம் இல்லாத நாளில். தலையில் துண்டு இறுக்கிக் கட்டி, முகத்துக்கு வலை. கொடுக்கு தேய்ந்துபோய்க் குத்த முடியாத அளவில்தான் இருக்கிறது, ஆனால் கடிக்கும். முடிக்குள்ளும் காதுக்குள்ளும் இமையிலும் புகுந்து, பிசினையும் ஒட்டிவிடும். வலி பெரிதில்லை, ஆனால் இமையைக் கடிக்கும்போது கையில் இருப்பதைப் போட்டுவிடுவோம். பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

குழாயை முதலிலேயே அடியோடு கத்தியால் சீவி எடுத்துத் தனியாக வையுங்கள். பிறகு கொத்தனாரை வைத்து, துளையிலிருந்து ஓரடி தள்ளிக் காரையைச் சுரண்டி, ஒவ்வொரு செங்கல்லாக உருவ வேண்டும். சுத்தியல் அடி கூடாது. உளியை நெம்பி எடுக்கச் சொல்லுங்கள்.

உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்தால் பயம் இருக்காது. கறுப்பும் பழுப்புமாக மெழுகும் பிசினும் கலந்த தாள்கள், தூண்கள். ஓரங்களில் சுண்டைக்காய் அளவுக் குடங்கள் கொத்துக் கொத்தாக. சிலவற்றில் தேன், சிலவற்றில் மஞ்சளாக மகரந்தம், இரண்டையும் ஒரே குடத்தில் கலக்காது. நடுவில் மிளகைவிடச் சிறிய உருண்டைகள் திராட்சைக் குலை போல நெருங்கி இருக்கும், அதுதான் குஞ்சறை. பெரிய தேனீயின் அடை மாதிரித் தட்டையாக இராது. உருண்டைகளில் நிறம் பாருங்கள். கரும்பழுப்பு என்றால் புதியது, வெளிர் நிறம் என்றால் உள்ளே புழு கூடு கட்டிவிட்டது, மேல் மெழுகை வேலைக்காரிகள் உரித்து எடுத்துவிட்டன என்று பொருள்.

இந்தக் கரும்பழுப்பு உருண்டைகளை உயிர் போல் பாருங்கள். கொசுத்தேனீ தன் புழுவுக்குத் தினம் ஊட்டாது. உருண்டை செய்து, அதில் மொத்தச் சாப்பாட்டையும் கூழாக ஊற்றி, ராணி அதன்மேல் ஒரு முட்டையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததும் வாயை மூடிவிடும். பிறகு வேலைக்காரி வெளிவரும் வரை, ஒன்றரை மாதம், யாரும் திறப்பதில்லை. இப்போது அந்த உருண்டையைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? முட்டை கூழில் மூழ்கிச் செத்துப்போகும். 2011ல் ஒரு தென்னந்தடிக் கூட்டை மாற்றும்போது கொத்தை முழுதாக எடுத்துத் தலைகீழாக வைத்துவிட்டேன். அன்றைக்கு எல்லாம் நன்றாக நடந்தது போலவே இருந்தது. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் புதுத் தேனீ ஒன்றுகூட இல்லை. அந்தக் கூடு என் கையால்தான் அழிந்தது. அதனால் எடுக்கும் முன்பு கொத்தின் மேல்பக்கத்தில் ஒரு பூவிதழை ஒட்டி அடையாளம் வையுங்கள். எடுத்ததும் அதே பக்கம் மேலே இருக்கப் பெட்டியில் வையுங்கள். சிரட்டையைக் கரண்டி போல அடியில் கொடுத்து அள்ளினால் உடையாது.

ராணி பெரும்பாலும் அந்தக் கொத்துக்குள்ளேயே ஒளிவாள். வேலைக்காரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், வெளிர் பழுப்பு வயிறு, நடக்க மட்டும்தான் செய்வாள். கண்ணில் பட்டால் விரலால் பிடிக்காதீர்கள், ஒரு இலையை முன்னால் காட்டினால் தானே ஏறுவாள். படவில்லை என்றால் கொத்தின் ஓரத்தில் மிளகைவிடப் பெரிய உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது ராணி அறை. அது ஒன்று பெட்டிக்குள் போனால்கூடக் கூடு பிழைக்க வழி உண்டு.

தேன் குடங்களை மொத்தமாகப் பெட்டிக்குள் போட வேண்டாம். ஒன்று உடைந்தாலும் தேனீக்களே அதில் மூழ்கும், எறும்பு வரும். உடையாத மகரந்தக் குடம் இரண்டு மூன்று, தேன் குடம் இரண்டு மூன்று, அவ்வளவு போதும். மிச்சத்தைத் துணியில் வடிகட்டி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, சீவி வைத்த பழைய குழாயைப் பெட்டித் துளையில் ஒட்டுங்கள். அந்த வாசனைதான் அவற்றுக்கு வீட்டு முகவரி. பெட்டியின் துளை பழைய குழாய் இருந்த அதே இடத்துக்கு நேராக வரும்படி ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இருட்டும்போது எல்லாம் உள்ளே வந்திருக்கும். துளையில் மெல்லிய கம்பி வலை வைத்து அடைத்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் யார் வீட்டுக்காவது அன்றிரவே கொண்டுபோங்கள். இவை அரை கிலோமீட்டருக்குள்தான் மேயும். பக்கத்து வீட்டில் வைத்தால் காலையில் பழைய சுவருக்கே திரும்பிப் போகும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுவரலாம்.

கண்ணில் விடுவது வேண்டாம் தங்கச்சி. எங்கள் வீட்டிலும் விட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தேனில் பெரிய தேனீத் தேனைவிட நீர்ச்சத்து அதிகம், சீக்கிரம் புளிக்கும். சுவரிலிருந்து வடித்த தேன் கண்ணுக்குப் போகக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து நாக்கில் விட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புளிப்பு அதற்கே உரியது.

கோவை_மாடிவீடு எழுதியது:

எங்கள் அபார்ட்மென்ட்டில் மீட்டர் பெட்டிக்குள் கட்டியிருந்தது. வயர் மாற்ற வந்தவர் மொத்தத்தையும் சுரண்டித் தரையில் போட்டுவிட்டார். இதைப் படித்திருந்தால் தடுத்திருப்பேன். ஒரு சந்தேகம் சிரட்டை ஐயா: இதில் எவ்வளவு தேன் கிடைக்கும்? விலை மிக அதிகமாகச் சொல்கிறார்களே, அதில் விசேஷம் உண்டா? இதன் அறிவியல் பெயர் என்ன?

சிரட்டை_குமரி எழுதியது:

ஒரு கூட்டுக்கு ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைப்பது 300, 400 கிராம். மாசி, பங்குனியில் ஒரே ஒரு முறைதான் எடுப்பேன், அதுவும் பாதிக் குடங்களை விட்டுவிட்டு. விலை அதிகமாக இருப்பதன் முதல் காரணம் இந்தக் குறைந்த அளவுதான். விசேஷமும் இல்லாமல் இல்லை. 2020ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாட்டுக் கொட்டாத தேனீக்களின் தேனைச் சோதித்து, டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை அதில் நிறைய இருப்பதாகக் கண்டார்கள். இரத்தத்தில் மெதுவாகச் சேரும் சர்க்கரை அது. ஆனால் அதைச் சொல்லி நம் ஊரில் இதைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விற்பதை நான் ஏற்கவில்லை. தேன் தேன்தான்.

பெயர் டெட்ராகொனுலா இரிடிபென்னிஸ். 1854ல் ஃபிரெடரிக் ஸ்மித் என்பவர் இலங்கையில் பிடித்த தேனீயை வைத்துப் பெயர் கொடுத்தார். இரிடிபென்னிஸ் என்றால் வானவில் சிறகு. காலை வெயிலில் குழாய் வாயில் வந்து இறங்குவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அந்தப் பெயர் ஏன் என்று தெரியும். பின்னங்காலில் மகரந்தத்துக்குப் பதில் பளபளவென்று ஒரு துளி தெரிந்தால் அது பிசின். மாமரம், பலா, எது கசிந்தாலும் எடுத்து வரும்.

தாமிரபரணிக்காரி எழுதியது (நான்கு வாரம் கழித்து):

அண்ணாச்சி, செய்துவிட்டோம்! போன வெள்ளிக்கிழமை காலை. கொத்தனார் தம்பி ஒருவர் ரொம்பப் பொறுமையாகச் செங்கல்லை உருவினார். ஏழாவது செங்கல் எடுத்ததும் உள்ளே தெரிந்தது. நான் ஒரு உள்ளங்கை அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். நிலைக்கட்டைக்குப் பின்னாலேயே முழ நீளத்துக்குப் போயிருந்தது. தேன் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல். குஞ்சறைக் கொத்து என் முஷ்டி அளவு. நீங்கள் சொன்னபடி நந்தியாவட்டை இதழ் ஒட்டி எடுத்தேன்.

ராணியைப் பார்த்தேன். அம்மாதான் முதலில் பார்த்தாள். கொத்தை எடுத்த பள்ளத்தில் ஓரமாக நடந்துகொண்டிருந்தது. கொய்யா இலையைக் காட்டினேன், ஏறவே இல்லை. திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை இலையைப் பின்பக்கமிருந்து கொடுத்ததும் ஏறியது. அம்மா மூச்சுவிடாமல் நின்றாள்.

இரவு சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனோம், நாலு கிலோமீட்டர். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பெட்டி லேசாக இரைந்துகொண்டே வந்தது.

இப்போது ஒரு பயம். நேற்றிலிருந்து பெட்டி ஓரத்தில் சின்ன ஈ போல ஒன்று, முதுகு கூன் விழுந்தது, விட்டுவிட்டு வேகமாக ஓடுகிறது. ஐந்தாறு பார்த்தேன். எறும்பு இல்லை, ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறோம்.

சிரட்டை_குமரி எழுதியது:

ராணி உள்ளே போனது பெரிய விஷயம். மனசு நிறைந்தது.

அந்தக் கூன் ஈயை விட்டுவைக்காதீர்கள். உடைந்த மகரந்தக் குடத்தின் வாசனைக்கு வரும், அதில் முட்டை வைக்கும். அதன் புழு பெருகினால் பத்து நாளில் கூடு கூழாகிவிடும். இன்றே டேப்பைச் சரிபாருங்கள், நகம் நுழையும் இடுக்கு இருந்தாலும் மறுபடி ஒட்டுங்கள். சின்ன மருந்துக் குப்பியில் இரண்டு விரற்கடை வினிகர் ஊற்றி, மூடியில் அந்த ஈ மட்டும் நுழையும் அளவுக்கு, தேனீ நுழையாத அளவுக்கு ஊசியால் ஓட்டை போட்டு, பெட்டிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வையுங்கள். ஈ உள்ளே போய் மூழ்கும். மூடியைத் திறக்கும் அந்த ஒரு தடவையிலேயே உடைந்த மகரந்தக் குடம் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் திறக்கவே வேண்டாம்.

வாசலைப் பாருங்கள். வேலைக்காரிகள் சின்னச் சின்ன மஞ்சள் குப்பையை வாயில் கவ்விக்கொண்டு வந்து வெளியே போட்டால் உள்ளே வீட்டைச் சுத்தம் செய்கின்றன. காவல்காரிகள் குழாய் வாயில் நின்றால் கூடு தைரியமாக இருக்கிறது.

தாமிரபரணிக்காரி எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

குப்பியில் மொத்தம் இருபதுக்கு மேல் ஈ விழுந்தது, அப்புறம் வரவில்லை. நீங்கள் சொன்னபடி மூன்று வாரம் கழித்துப் பிளாஸ்டிக் தாள் வழியாகப் பார்த்தேன். வெளிர் கொத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கரும்பழுப்பு உருண்டைகள், எண்ணியவரை நாற்பது. ஒட்டிய பழைய குழாய்க்கு முன்னால் அரை அங்குலத்துக்குப் புதுக் குழாய் கட்டியிருக்கின்றன. புதியது மெல்லிசாக, வெளிர் பழுப்பாக இருக்கிறது. பழையது கறுப்பு. கோடு போட்டது போல இரண்டும் தெரிகிறது.

புது வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. வாசல் நிலைக்கு வலப்பக்கம், அதே தோள் உயரத்தில், பெட்டி வைக்க ஒரு மாடம் விடச் சொல்லியிருக்கிறேன். அளவு எவ்வளவு சொல்ல அண்ணாச்சி? வேறு எதுவும் கவனிக்க வேண்டுமா?

சிரட்டை_குமரி எழுதியது:

நாற்பது புது உருண்டை என்றால் கிழவி நன்றாக முட்டை வைக்கிறாள்.

மாடம் நீளம் 45 செ.மீ., உயரம் 25, ஆழம் 20 வையுங்கள். மூடியைத் திறக்கக் கை நுழைய வேண்டும் அல்லவா. மேலே ஒரு சின்ன சன்ஷேட் வேண்டும், சாரல் அடிக்கக் கூடாது, மேற்கு வெயிலும் கூடாது. பெட்டியைக் கொண்டுவருவது பெயின்ட் வேலை முழுக்க முடிந்து காய்ந்த பிறகு இருக்கட்டும். ஈரப் பெயின்ட்டைப் பிசின் என்று நினைத்துக் காலில் ஒட்டி அள்ளிக்கொண்டு போகும், நான் பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் தேன் எடுக்க வேண்டாம். வாசலில் கொடிரோஸ் ஒன்று நட்டுவிடுங்கள், வருஷத்தில் பெரும்பாலான மாதம் பூக்கும். மாடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் விடச் சொல்லுங்கள்.